கண்ணை மட்டும் விட்டுடு

கிள்ளானில் என் வாயைப் பற்றிக் கேட்டால் யாரும் சொல்வார்கள். பதினேழு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வேன் ஆன்டி என்றால் பிள்ளைகளைவிட அவர்களைப் பெற்றவர்கள்தான் அதிகம் பயப்படுவார்கள். பள்ளி வாசலை மறித்துக் காரை நிறுத்துகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்காமல் நகர மாட்டேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க, இவளுக்கு வாய் மட்டும்தான் பிழைச்சிருக்கு" என்பாள் என் அம்மா. அப்படிப்பட்ட வாய், திறந்தே ஆகவேண்டிய ஒரு நேரத்தில் மூடிக்கொண்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு ஆறும் என்று யாரோ சொன்னார்கள். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கல்யாணம் கட்டவில்லை. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து முடித்துவிட்டுக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தார். அப்பா போனபிறகு அதில் தம்பியும் அம்மாவும் மட்டும்தான். அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீசையில் ரெண்டு நரை விழுந்த ஆளை, "கண்ணு, சாப்ட்டியா", "கண்ணு, ஹெல்மெட் எடுத்துக்கிட்டியா" என்றுதான் கேட்பாள். எனக்கு எப்போதும் "ஏண்டி"தான். அது ஒரு தனி வயிற்றெரிச்சல், அதை இங்கே கிளற வேண்டாம்.

ஒருநாள் மதியம் பள்ளி விடுவதற்காக வேனில் காத்திருந்தேன். அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்த பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். தான் இறந்த பிறகு கிட்னி, ஈரல், இருதயம், கண் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று டிக் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. குரல் பதிவில் கேட்டேன்: "உன் ஈரலை எவன்டா வாங்குவான்? பீர்ல ஊறின ஈரல். வறுத்துச் சாப்பிடத்தான் ஆகும்."

அவனும் சிரித்துக்கொண்டேதான் குரலிலேயே பதில் அனுப்பினான். "ஈரல் வேணாம்னா விடு லா அக்கா. கண்ணு ஃபிரெஷ்ஷா இருக்கு. தெனம் காலையில இங்க ஸ்டேஷன் பக்கம் எத்தனை பேரு குச்சியைத் தட்டிக்கிட்டுப் போறாங்க தெரியுமா? மத்தது போனாலும் போகாட்டியும் என் கண்ணு போயாகணும். அம்மா அழுவாங்க. நீதான் பேசணும், சொல்லிட்டேன்."

பிரிக்ஃபீல்ட்ஸ் தெரிந்தவர்களுக்கு அவன் சொன்னது புரியும். பார்வையில்லாதவர்களுக்கான பள்ளியும், அவர்கள் வேலை செய்யும் மசாஜ் கடைகளும் அங்கேதான். அவர்கள் கால் தடவி நடக்க நடைபாதை நெடுகப் புடைத்த மஞ்சள் கல் பதித்திருக்கும். அந்தக் கல்லின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களோடு என் தம்பி சண்டை போடுவான். அந்த ஒரு விஷயத்தில்தான் அவனுக்கு என் வாய்.

நான் அவனுக்கு என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? "சரிடா, மொதல்ல நீ போய்ச் சேரு, அப்புறம் பேசுறேன்." பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள், போனைப் பையில் போட்டுவிட்டேன். அக்கா தம்பி கேலி பேசிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. நாக்கில் சனி என்பார்களே, அது பொய்யில்லை.

எட்டு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், ஃபெடரல் ஹைவேயில் அவன் மோட்டார் சறுக்கிவிட்டது. பக்கத்தில் வந்த லோரியின் சக்கரத்தில் தலை மோதியது. ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். எனக்குப் போன் வந்தபோது வேனில் பதினொரு பிள்ளைகள். அத்தனை பேரையும் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். மிஷின் மூச்சு விட்டது. நெஞ்சு ஏறி இறங்கியது. கை கால் சூடாக இருந்தது. மூன்றாம் நாள் ரெண்டு டாக்டர்கள் தனித்தனியாக, ரெண்டு தடவை சோதித்துவிட்டு, மூளை முழுக்கச் செத்துவிட்டது, இனி அவன் இல்லை என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்ததை அம்மாவிடம் கொண்டுபோகத்தான் தெம்பில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உறுப்பு தானத்தைக் கவனிக்கும் நர்ஸ் எங்கள் ரெண்டு பேரையும் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போனாள். மலாய்க்காரப் பெண், என்னைவிட இளையவள், அதிர்ந்து பேசாதவள். தம்பி பதிவு செய்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெற்றவள் சம்மதம் இல்லாமல் தொட மாட்டோம் என்றாள்.

அம்மாவுக்குத் தமிழும், சந்தையில் பேரம் பேசுகிற பாசார் மலாயும்தான் தெரியும். நான் இடையில் நின்று தமிழில் சொல்வதுதான் முறை. ஆனால் அந்த நர்ஸ், பெற்றவளிடம் நேராகப் பேசுவதுதான் மரியாதை என்று நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மலாயிலேயே பேசினாள். அந்த மரியாதை வினையாகிப் போனது.

மூளை 'மாத்தி' என்றாள். மலாயில் மாத்தி என்றால் சாவு. ஆனால் எங்கள் பேச்சில் விளக்கு அணைந்தாலும் மாத்தி, இஞ்ஜின் நின்றாலும் மாத்தி. மழைக்காலத்தில் என் வேனே நாளுக்கு ரெண்டு தடவை மாத்தி ஆகும், இறங்கி ஏதாவது தட்டினால் கிளம்பிவிடும். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் 'டெர்மா' என்றாள். மலாயில் நன்கொடை என்று அர்த்தம். அம்மா காதில் அது தர்மம் என்று விழுந்தது.

மூன்று நாளாகக் குனிந்தே கிடந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தர்மமா கேக்குறாங்க? இதை ஏண்டி மொதல்லயே சொல்லல? கிட்னிதானே, ரெண்டு இருக்குல்ல, ஒண்ணைக் குடுத்துடலாம். தர்மம் தலை காக்கும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? என் கண்ணுக்கு அடி பட்டதே தலையிலதானே. வாங்குறவன் வாழ்த்துனா தலை தப்பிச்சிடும்டி." நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். பேனாவுக்குக் கை நீட்டினாள்.

நர்ஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்து மிரண்டுவிட்டாள். "அக்கா, அம்மா புரிஞ்சுதான் சொல்றாங்களா?" என்று என்னிடம் மலாயில் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தம்பி கேட்டது கண் உட்பட அத்தனையும் நடந்திருக்கும். ஒரு கணம் அந்த ஆசை எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் எழுந்து வருவான் என்று வாசலில் காத்திருப்பாளே அம்மா! அதை நினைத்தபோது வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, இந்தத் தர்மம் அவன் தலையைக் காக்காதும்மா. தலை போயிடுச்சு. அவன் செத்துட்டான்மா. நெஞ்சு ஏறி இறங்குறது மிஷினு."

ரெண்டு கையாலும் மாறி மாறி என் கன்னத்தில் அறைந்தாள். "அடிப்பாவி! உன் வாயில மண்ணு விழ! உன் வாயாலதான்டி எல்லாம் ஆச்சு!" நான் அவனுக்கு அனுப்பிய வார்த்தை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சரியாக அங்கேயே அடித்தாள். நர்ஸ் எழுந்து தடுக்கப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கை காட்டினேன். காகிதத்தைத் தள்ளிவிட்டு அம்மா வெளியே போய்விட்டாள்.

வெளியே காஜாங்கிலிருந்து வந்த எங்கள் தாய்மாமா இருந்தார். விஷயம் கேட்டதும் ஆரம்பித்துவிட்டார். "முழு உடம்பா அனுப்பணும்மா. குறையோட போனா அடுத்த பிறவியில குறையோட பொறப்பான்."

"போன வருஷம் உங்க பித்தப்பையை எடுத்தாங்களே மாமா, அதை எங்க பத்திரப்படுத்தி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் வம்புக்கு மட்டும் என் வாய் சுருக்காகத்தான் இருந்தது.

மறுநாள் காலை முழுக்க அம்மா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வற்புறுத்தவில்லை, ஒரு தடவை வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். மதியம் நெருங்கும்போது அம்மா என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"அவனாத்தான் எழுதிக் குடுத்தானா?"

போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். படத்தை மட்டும்தான். அதற்குக் கீழே இருந்த குரலைத் தொடவில்லை.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் கேலிதான்மா பண்ணேன்."

"மிஷினை நிறுத்தினா நின்னுடுமா?"

"நின்னுடும்மா."

"கிட்னி வாங்குறவன் எழுந்து நடமாடுவானா?"

"நல்லா ஆயிடுவாங்கன்னு சொல்றாங்க."

அம்மா கொஞ்ச நேரம் அவன் பாதத்தையே தடவிக்கொண்டிருந்தாள். "அவனுக்கும் ஒரு அம்மா இருப்பால்ல. அவளும் இப்படி எங்கயாச்சும் உக்காந்திருப்பா." அவள் யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "எடுத்துக்கச் சொல்லு" என்றாள். நான் நகர்ந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"கண்ணை மட்டும் விட்டுடு. புது எடத்துக்குப் போறான். வழி தெரிய வேணாமா?"

அப்போது திறந்திருக்க வேண்டும் இந்த வாய். 'அவன் எல்லாத்துக்கும் மேல குடுக்கணும்னு சொன்னதே கண்ணைத்தான்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். கைப்பையில் அவன் குரலே இருந்தது. பயம்தான். அதைக் கேட்டால் அம்மா உடைந்து, கொடுத்த எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று பயந்தேன். முந்தின நாள் வாங்கிய அறை கன்னத்தில் இன்னும் எரிந்தது. அதோடு, அவளிடமிருந்து இன்னும் ஒன்றைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. காரணம் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"சரிம்மா" என்றேன்.

நர்ஸ் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டாள். கண் என்று வந்ததும் என்னைப் பார்த்தாள். அவன் பதிவில் கண்ணும் இருந்தது அவளுக்குத் தெரியும். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். நானும் வேண்டாம் என்றேன். அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அம்மா கையெழுத்துப் போட்டாள், சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

சாயங்காலம் அவனை ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, நடையின் ரெண்டு பக்கமும் நர்ஸுகளும் டாக்டர்களும் துப்புரவு செய்பவர்களும் தலை குனிந்து நின்றார்கள். அப்படி ஒரு மரியாதை அவன் உயிரோடு இருந்தபோது யாரும் அவனுக்குக் கொடுத்து நான் பார்க்கவில்லை. அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தாள். "பயப்படாத கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். கதவு மூடியது. அவன் வர மாட்டான் என்று இப்போது தெரிந்திருந்தும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மா குனிந்து அவன் இமைகளைக் கட்டைவிரலால் தடவினாள். "பத்திரமா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நாலு நாளில் என்னோடு அன்பாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். சுடலையில் அடுப்புக் கதவு இறங்கியபோது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போது கண் எரியும், இப்போது கண் எரியும் என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. மறுநாள் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் சாம்பலைக் கடலில் கரைத்தோம்.

சில வாரம் கழித்து நர்ஸ் போன் செய்தாள். ரெண்டு கிட்னியும் ஈரலும் மூன்று பேருக்குப் போயிருக்கின்றன, மூன்று பேரும் தேறிவருகிறார்கள், யார் என்று சொல்லக்கூடாது என்றாள். பீரில் ஊறிய அந்த ஈரலையும் ஒருத்தர் வாங்கிக்கொண்டார்! வேனில் தனியாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்திவிட்டேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

அம்மாவுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. கோயிலில் ஒருத்தி வந்து, "பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்கக்கா" என்றாள். "அந்தப் புண்ணியத்தை நீ எடுத்துக்க, என் புள்ளையை எனக்குக் குடுத்துடு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் இரவு படுக்கும்போது, "மூணு பேரும் சாப்ட்டிருப்பாங்கல்ல" என்று கேட்பாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கும் சனிக்கிழமைகளில் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவோடு காய் வாங்கிவிட்டு வந்தேன். மஞ்சள் கல்லின்மேல் ஒருவன் மோட்டாரை நிறுத்தினான். நான் ஆரம்பித்துவிட்டேன். "ஏண்டி, தெருவுல நின்னு கத்தாத, வா" என்று அம்மா என்னைத் திட்டினாள். அந்தக் குரலைக் கேட்டு, சிக்னலில் குச்சியோடு நின்ற ஒருவர் இந்தப் பக்கம் திரும்பினார். நாற்பது வயது இருக்கும். மசாஜ் கடைச் சட்டை போட்டிருந்தார்.

"ஆன்டி, நீங்க லிஃப்ட் அண்ணனோட அம்மாதானே? குரலை வெச்சுச் சொல்றேன். எங்க அவரு, ஆளையே காணோம்? தெனம் காலையில என் கையைப் புடிச்சு இந்த ரோட்டைத் தாண்டி விடுவாரு. 'பாஸ், பொறுமையா இருங்க, நான் செத்தா என் கண்ணு உங்களுக்குத்தான்'ம்பாரு. எனக்குக் கண் நரம்பே செத்துப்போச்சு அண்ணே, அதெல்லாம் ஆகாதுன்னு சொன்னா, 'உங்களுக்கு ஆகாட்டி வேற யாருக்காச்சும் ஆகும் லா, அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்'ம்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த காய்ப் பையைப் பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்து கீச்சென்று சத்தம் வந்தது. அம்மா அவர் முழங்கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டாள். அங்கே வைத்துத்தான் சொன்னாள், அவன் போய்விட்டான் என்று.

அவர் அப்படியே நின்றார். "அய்யோ அண்ணே" என்றார். பிறகு, "அப்ப அவரு ஆசைப்பட்டபடி யாருக்காச்சும் கெடைச்சிருக்கும் ஆன்டி. யாரோ பாத்துக்கிட்டு இருப்பாங்க. நல்லா இருக்கட்டும்" என்றார். அவர் குச்சியைத் தட்டிக்கொண்டு கடைப் பக்கம் போனார்.

வீட்டு லிஃப்டில் ஏறிக் கதவு மூடியதும் அம்மா கேட்டாள். "தலை போச்சுன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சில்ல? இதைச் சொல்ல வரலையாடி?"

வீட்டுக்குள் போனதும் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். 'அம்மா அழுவாங்க. நீதான் பேசணும்' என்ற இடம் வந்தபோது அழவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் போவேன், சாப்பாடு வைப்பாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வருவேன். திட்டக்கூட இல்லை. திட்டாத அம்மாவை எனக்குத் தாங்கத் தெரியவில்லை.

போன மாதம் அவளாகப் போன் செய்து வரச் சொன்னாள். மேசைமேல் அடையாள அட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

"அவன் எழுதினதுல என்னையும் எழுது. கிழட்டுக் கண்ணு, ஒண்ணுல புரை எடுத்திருக்கு. எடுத்துப்பாங்களான்னு கேளு."

அந்த நர்ஸுக்கே போன் போட்டுக் கேட்டேன். அந்த நேரத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும், பதிவு செய்வதற்குத் தடையில்லை என்றாள். என் போனில் அம்மாவின் விவரத்தை நிரப்பினேன். "கண்ணு மட்டும்தானேம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான். வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? எனக்கு வழியெல்லாம் அவன் காட்டுவான், அவனுக்குத்தான் கண்ணு இருக்கே." அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். நான் எல்லாவற்றிலும் டிக் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "உன் மாமா வந்து நிப்பான், ஆயிரம் சொல்லுவான். நான் இருக்க மாட்டேன் உன்னை அறையிறதுக்கு. நீதான் பேசணும். அன்னிக்காச்சும் வாயைத் தொற."

"சரிம்மா" என்றேன். அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொன்னதும் இதே "சரிம்மா"தான்.